மூன்று ஆதித்யா, ஒரே ஷூ

"மூணு ஆதித்யாவும் ஒரே ஷூவுக்கு அடிச்சுக்கிட்டானுங்கடி!"

ஹடப்சர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த கம்ப்யூட்டர் டீச்சர், கழுத்தில் பள்ளி அடையாள அட்டை ஆட, பக்கத்துத் தோழியிடம் பொரிந்து தள்ளினார்.

"லேபுக்கு வெளிய ஷூவைக் கழட்டணும்ல? மூணு பேரும் ஷூக்குள்ள ஆதித்யான்னு மட்டும் எழுதி வெச்சிருக்கானுங்க. பத்தாங்கிளாஸ்! டேட்டாபேஸ்ல பேரை மட்டும் நம்பாதீங்க, ஆளுக்கொரு நம்பர் வேணும்னு ஒரு மாசமா கத்தறேன்."

"அப்புறம்?"

"அங்க நின்ன ஒரு பொண்ணு, 'ரோல் நம்பர் எழுதியிருக்கலாமே'ன்னா. அப்படியே கட்டிப்பிடிச்சுக்கலாம்போல இருந்துச்சு."

"பரவால்லயே, ஒருத்திக்காவது புரிஞ்சிருக்கே."

"நீ வேற! அவ என் கிளாஸே இல்லடி. பக்கத்து ரூம்ல சமஸ்கிருதம் படிக்கிறவ."