கருமணல் சர்க்கரை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். வெறுப்பில்லை. நாகர்கோவில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த இந்த லீலாபாய், ஆயுள் முழுக்கச் சர்க்கரை ஆராய்ச்சியோடு கிடந்தவள்தான்.

சர்க்கரை மூலக்கூறிலும் இடக்கை, வலக்கை உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். நம் உடம்புச் செல்களில் இருப்பது வலக்கைதான். உயிரே தோன்றாத காலத்தில், ஃபார்மால்டிஹைடிலிருந்து சர்க்கரை தானாக உண்டானபோது, இரண்டும் சரிபாதி இருந்திருக்கும். பிறகு வலக்கை எப்படி ஜெயித்தது? யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலைப் போட்டு அதே சர்க்கரையை நான் உண்டாக்கினேன். இரண்டும் சரிபாதி இருந்தால் அதற்குள் செலுத்திய ஒளி நேராகவே போகும்; எனக்கு வலப்பக்கம் திரும்பியது. மணலே வலக்கையைத் தேர்ந்திருக்கிறது என்று கட்டுரை எழுதினேன். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள்.

சுஜித் என் ஆய்வு மாணவன். அஞ்சுகிராமத்துப் பையன். சனிக்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் நாங்கள் இருவர்தான்.

"மணல உலையில சுட்டுட்டுப் போட்டேன் மேடம். வெளிச்சம் திரும்பவே இல்ல. மணல்ல உயிருள்ள பாசி இருந்திருக்கு. நாம கண்டது பாசி உண்டாக்குன சர்க்கரையாக்கும்."

"யாருட்டயாவது சொன்னியா மக்கா?"

"இல்ல. கட்டுரைய நாமளே திரும்ப வாங்கிருவோம். தப்பு வாறது சகஜம்தானே மேடம்."

எனக்கு ஆறுதல் சொன்னான். நல்ல பிள்ளை.

அவன் ஒளி அளக்கும் கருவியைத் துணியால் மூடக் குனிந்தபோது, குடுவை மாட்டும் இரும்பு ஸ்டாண்டை எடுத்தேன். முதல் அடி காதுக்கு மேல் விழுந்தது. "மேடம்?" என்றான், எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்தவனைப்போல. இரண்டாவது அடியில் மண்டை உள்ளே இறங்கியது கைக்குத் தெரிந்தது. விழுந்தும் என் சேலை நுனியை விடவில்லை. அந்த விரல்களின்மீதும் அடித்தேன். விபத்தென்று தோன்றட்டும் என்று முகத்தில் அமிலம் ஊற்றினேன். அப்போதும் மூச்சு இருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, ஸ்டாண்டைக் கழுவிவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா அழகியநாயகி என் தோளில் சாய்ந்து அழுதாள். "மேடத்தப் பத்திப் பேசாத நாளில்லியே அவன்." முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனுடைய கடைசிச் சோதனையை மட்டும் யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம், சார். மணலைச் சுடுவதில் அவனுக்கு எப்போதுமே கவனம் போதாது.