பொழுது சாயாத வெள்ளிக்கிழமை

டீயைக் குடிக்கவில்லை என்று தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் மேடம். இன்று எனக்கு ஒருபொழுது. சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஆறிப்போவதற்குள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். நம் ஊர் மேட்டுப்பாளையத்துச் சோப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பேக்கிங்கில் இருந்தேன். பெட்டிகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதுகிற வேலையை என்னிடம்தான் கொடுப்பார்கள். பெயர் அமிர்தவல்லி. வயது அறுபது. ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. இறந்துபோனவர் என் கணவர் புருஷோத்தமன். மில்லில் இருந்தவர், மில்லை மூடிய பிறகு வீட்டில் இருந்தவர்.

அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருபொழுது இருப்பார். பகல் முழுக்க வெறும் வயிறு. பொழுது சாய்ந்து, வீட்டில் விளக்கு வைத்து, சாம்பிராணி போட்ட பிறகு ஒரே ஒரு வேளை. எங்கள் பெண் மேனகாவுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து கண் செருகியபோது அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டது. பெண் பிழைத்துக் கல்யாணமாகிப் பெங்களூருக்கும் போய்விட்டாள். விரதம் மட்டும் முப்பது வருஷமாக நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையன்று ஆத்தா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் அன்று மட்டும் அவர் வாயில் சுடுசொல் வராது. என்னை "அமிர்தம்" என்று கூப்பிடுவார். "சாப்ட்டியா அமிர்தம்?" என்று கேட்பார். பயத்தில் வந்த அன்புதான். அதனால் என்ன, அன்பு வந்ததே.

மற்ற ஆறு நாளும் நான் "ஏய்".

அவர் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. அதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். நாக்கு போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் எலும்பை எண்ணுவார். "உங்கம்மா உனக்குச் சுடுதண்ணி வைக்க மட்டுந்தான் கத்துக்குடுத்தாளா?" என்று கேட்பார், அக்கம்பக்கத்தில் கேட்கிற மாதிரி. ரசம் பிடிக்காவிட்டால் தட்டு பறக்கும். நான் ஏழு பேருக்கு வாழ்க்கைப்பட்டவள் போலவும் அதில் ஒருவரை மட்டும் எனக்குப் பிடித்துப்போனது போலவும் இருந்தேன். ஒருநாள் பேக்கிங் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகளைச் சேர்த்தால் நாலேகால் வருஷம் வந்தது. நான் வாழ்ந்தது அவ்வளவுதான்.

இந்த ஆடி பிறந்ததும் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். மூன்று மாதம் எழுந்திருக்கவே கூடாது, முட்டையும் பருப்பும் நிறையக் கொடுங்கள் என்றார் டாக்டர். வலி மாத்திரை கொடுத்தார், அது ஆளை அடித்துப் போட்ட மாதிரி தூங்க வைத்தது. கண்ணில் ஏற்கெனவே புரை, செல்போன் எழுத்து தெரியாது. பின்னறையில் படுக்க வைத்தேன். அந்த அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பகலிலும் டியூப் லைட் எரியும்.

ஆடி பத்தாம் தேதி, சனிக்கிழமை. தூங்கி எழுந்து, "ஏய், என்னா கெழம இன்னிக்கு?" என்று கத்தினார். முதல்நாள் போட்ட சாம்பிராணி வாசனை அறையில் இன்னும் இருந்தது. "வெள்ளிக்கெழமைங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான் வந்தது, அதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா, தெரியாம கத்திட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்ட்டியா அமிர்தம்?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் திருத்துவதற்கு வாய்ப்பு அமையவில்லை.

மறுநாள் காலையிலும் தலைக்குக் குளித்து, வாசப்படிக்கு மஞ்சள் பூசி, சாம்பிராணி போட்டேன். அவர் மூக்கைச் சுருக்கினார். "நேத்துதான வெள்ளிக்கெழம?"

"அது போன வாரங்க. நேத்து வியாழக்கெழம. கோழிக்கொழம்பு ஊத்தி மூணு தடவ சோறு வாங்கினீங்களே, ஞாபகம் இல்லியா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "உப்பு கம்மியா இருந்துச்சி" என்றார். உடனே ஆத்தா நினைவு வந்து, "இல்ல இல்ல, நல்லாதான் இருந்துச்சி" என்றார்.

எங்கள் வாழ்க்கை அப்படித் தொடங்கியது. தினமும் வெள்ளிக்கிழமை. தினமும் விளக்கு வைத்ததும் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும். சர்க்கரை மாத்திரையைக் காலையில் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அந்த விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பு. மற்ற கிழமைகளை நான் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டேன். மத்தியானம் அவர் தூங்கும்போது தெருமுனை மெஸ்ஸுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணி. ஆளைத் தூக்கித் துடைத்துவிடுகிறவளுக்கு உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அவர் கணக்கில் ஒருநாள் போனால் ஒரு வாரம் போனது. பன்னிரண்டாவது நாள், "தீபாவளி கிட்ட வந்துடுச்சில்ல?" என்று கேட்டார். கேட்ட பிறகு கொண்டாடாமல் இருக்க முடியுமா. ஆடி இருபத்திரண்டாம் தேதி அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்து, புது வேட்டி கட்டிவிட்டு, தீபாவளி கொண்டாடினேன். "ஏன் வெடிச் சத்தமே கேக்கல?" என்றார். "மழைங்க" என்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆவணி மூன்றாம் தேதி பொங்கல் வைத்தேன். "எல்லாப் பண்டிகையும் வெள்ளிக்கெழமயாவே வருது அமிர்தம்" என்று அதிசயப்பட்டார். ஆத்தா கிருபை என்றேன். படுத்தபடியே கையைக் கூப்பினார்.

மேனகா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். "என்னப்பா, இன்னிக்கு மட்டனா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு, "வெள்ளிக்கெழம யாராவது மட்டன் துன்னுவாங்களாம்மா? அது போவட்டும், தீபாவளிக்கும் வரல, பொங்கலுக்கும் வரல, இனிமேலாவது வருவியா?" என்றார். அது ஆவணி மாதம். அவள் என்னிடம் அழுதாள். "அப்பாவுக்கு மறதி நோய் வந்துடுச்சிம்மா. அவர் எந்தக் கெழம சொல்றாரோ அதையே சொல்லு, மனசு நோவக் கூடாது" என்றாள். பெற்ற பெண் சொன்ன பிறகு நான் மாற்றிச் சொல்வது சரியில்லை. மில்லில் அவரோடு இருந்த மதிவாணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுத்த மீனோடு வந்தார். "வெள்ளிக்கெழமயும் அதுவுமா மீனத் தூக்கிக்கினு வர்றியே, உருப்படுவியா?" என்றார் இவர். மதிவாணன் கூடத்துக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட ஆளு அண்ணி. இப்படி ஆயிட்டானே" என்று சொல்லிவிட்டு மீனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல வஞ்சிரம்.

அவர் இளைத்தது உண்மை. வாரத்தில் ஒரே ஒருநாள் விரதம் இருக்கிற மனுஷன் இப்படி இளைக்கலாமா என்று அவரே கேட்டு ஆச்சரியப்பட்டார். எலும்பு கூடாததில்தான் அவருக்குக் கவலை அதிகம். "ஒரு வருசம் ஆயிடுச்சே அமிர்தம், இன்னும் காலு ஊன முடியலியே. டாக்டரக் கூப்புடேன்" என்று அழுதார். ஐம்பத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் பிரான்ஸுக்கு மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்று ஆறுதல் சொன்னேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் அழுததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஆனால் மேடம், தினமும் கிடைத்தால் எதுவும் சலித்துப்போகிறது. அவர் "அமிர்தம்" என்பதில் பழைய ருசி குறைந்துகொண்டே வந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். ஆறு நாள் "ஏய்" கேட்டுவிட்டு ஏழாம் நாள் கேட்டதால்தான் அது இனித்தது. இப்போது அவருக்கு வருத்தப்படுவதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு மன்னிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே நடுவில் இருக்கவேண்டிய நாட்களை நானே அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"செவ்வாக்கெழம தட்டத் தூக்கிப் போட்டீங்க, இன்னும் என் நெத்தி வலிக்குது" என்றேன் ஒருநாள். அவர் பதறிப்போனார். கட்டிலிலிருந்து கையை நீட்டி என் நெற்றியைத் தடவினார். "தப்புதான் அமிர்தம், மன்னிச்சிடு" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதேயில்லை. பெருந்தன்மையாக மன்னித்தேன்.

அதன்பிறகு தினமும் ஒன்று சொன்னேன். திங்கட்கிழமை என் சமையலைத் தெருவே கேட்கத் திட்டினார். சனிக்கிழமை என்னை வாசலில் நிற்க வைத்தார். அவர் செய்யக்கூடியவைதான், படுத்திருந்ததால் செய்யவில்லை, அவ்வளவே. நம்பும்படி சொல்வதற்காக முதல்நாளே மெஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். யோசிக்க யோசிக்க எனக்கு அழுகை வந்துவிடும். பரிமாறுகிற நிர்மலா, "வீட்டுக்காரரு ரொம்பப் படுத்துறாராக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

எழுபத்தோராவது வெள்ளிக்கிழமை. வெளியே அது புரட்டாசிச் சனிக்கிழமை. அன்று காலை அவரிடம் சொன்னேன்: "புதன்கெழம நீங்க சொன்னது எனக்கு மனசு ஆறலங்க. பொண்ணு பாக்க வந்தப்ப என்னப் புடிக்கல, என் தங்கச்சி சுமலதாவத்தான் புடிச்சிருந்துச்சின்னு சொன்னீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. நான் அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, உன்னைத்தான் பிடித்தது என்று ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்காத ஒரே கேள்வி அது.

"சொல்லிட்டனா?" என்றார் அவர். "சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு அமிர்தம்."

மன்னிப்புக் கேட்டார். இல்லை என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியும், நீங்களும் பெண்தான்.

அன்று சாயங்காலம் நான் விளக்கு வைக்கவில்லை. வேறொன்றும் செய்யவில்லை. விளக்கு வைக்காமல் அவர் வாயில் எதுவும் போடமாட்டார், அது அவருடைய நேர்த்திக்கடன், நான் கட்டாயப்படுத்தியதில்லை. "வெளக்கு வச்சிட்டியா அமிர்தம்?" என்று கேட்டார். "இன்னும் பொழுது சாயலங்க" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மேனகா கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்றேன். அன்றும் அவர் நாலைந்து முறை கேட்டார். "இன்னிக்குப் பொழுது நீளமா இருக்கு" என்றார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வெறும் வாயில் போட்டு விழுங்கினார். தண்ணீர் கேட்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

நான் கூப்பிட்டு வந்து பார்த்த டாக்டர், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். இன்று வெள்ளிக்கிழமை, அவர் ஒருபொழுது என்றேன். டாக்டர் என்னையும் சுவரிலிருந்த காலண்டரையும் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தார்.

நான் அவரைப் பட்டினி போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் அவர் திட்டியதற்காக நான் எதுவும் செய்யவில்லை, அவற்றையெல்லாம் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் பெண் பார்க்க வந்த கதையை அந்தப் புதன்கிழமை அவர் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நான் விளக்கு வைத்திருப்பேன்.