புது இன்ஜின் படியும் வரை

வேங்கிக்காலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ். என் முன் சீட்டில் ஓர் அம்மாவும், சின்ன விமானம் ஓட்டும் அவள் மகளும்.

"விமானத்துல மாட்டின புது இன்ஜினை மெதுவா ஓட்டினாத்தாம்மா கெட்டுப்போகும். நல்ல பவர்ல ஓட்டினாத்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டிப் படியும்."

"கூட யாரு வருவாங்க?"

"யாரையும் ஏத்தக்கூடாது. இன்ஜின் ஆயில் குடிக்கிறது ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் தனியாத்தான் சுத்தணும்."

"பேச்சுக்கு ஆள் இல்லாம என்னடி பண்ணுவ?"

"ஆயில் பிரஷர் முள்ளைப் பாத்துட்டே இருப்பேன்."

"நம்ம ஊர் மேல வருவியா?"

"வர மாட்டேன்மா. ஓடுபாதை பக்கத்துலயேதான் சுத்துவேன்."

"தெரியும். ஆனா விமானச் சத்தம் கேட்டா மாடிக்கு ஓடிடறேன்."

பஸ் ஸ்டாண்டில் மகள் பையோடு இறங்கினாள். வழியனுப்ப வந்த அம்மா அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்ப உட்கார்ந்திருந்தாள்.