எடுக்க ஆளில்லாத எண்

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி காவல் ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தாள் பல மேசைகளுக்குப் போகும் என்பதாலும், என் வீட்டுக்கும் ஜன்னல்கள் இருப்பதாலும் இங்கே சொல்லவில்லை. வயது நாற்பத்தெட்டு. முதுகலை படித்தவள். நகர நூலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்துவந்த என் தங்கை, வயது நாற்பத்தொன்று, இப்போது என்னுடன் இருக்கிறாள்.

எங்கள் பகுதிச் சமூக மையம் வருடந்தோறும் ஓர் உதவிக் கையேடு வெளியிடும். ஆபத்தில் யாரைக் கூப்பிடுவது, வக்கீல் எங்கே கிடைப்பார், தங்க இடம் எங்கே என்று நான்கு மொழிகளில் இருக்கும். எங்கள் மொழிப் பக்கத்தை ஏழு வருடமாகச் சம்பளமில்லாமல் நான் மொழிபெயர்த்து வந்தேன். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஏறிய மேடையிலெல்லாம் இங்கே எல்லாரும் நம்மவர் என்று பேசுவார். எங்களுக்குள் அவருக்குப் பேனர் என்று பெயர். போன வருடக் கையேட்டின் அட்டைக்கு, "கறுப்பா, களையா ஒரு முகம் வேணும்மா" என்று கேட்டு என் தங்கையைப் படம் எடுத்துப் போட்டார்.

கையேட்டில், நிறத்தையோ இனத்தையோ சொல்லி யாராவது மிரட்டினால் முதலில் இந்த எண்ணைக் கூப்பிடவும், காவலர்களை நாங்களே அழைத்து வருவோம் என்று ஒரு வரி உண்டு. அதை மொழிபெயர்த்தவள் நான். தங்கைக்குப் படித்துக் காட்டி, அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவளும் நான்.

கடந்த மார்ச் ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணியளவில் தங்கையின் கீழ்வீட்டு ஆட்கள் மூவர் அவள் நிறத்தைச் சொல்லித் திட்டிக் கதவை உதைத்தார்கள். அவர்கள் மீது தனி வழக்கு நடக்கிறது. தங்கை காவல் நிலையத்தைக் கூப்பிடாமல், அச்சில் இருந்தபடி மையத்தின் எண்ணைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடத்தில் பதினொரு முறை. ஒவ்வொரு முறையும், தகவல் பெட்டி நிரம்பிவிட்டது என்று பதிவுக் குரல் சொல்லியது. மூவரும் தெருவில் இறங்கிய பிறகு, ஜன்னலோரம் நின்று பன்னிரண்டாம் முறை அழைத்தபோது கல் வந்தது. இடது கண் போய்விட்டது. அவள் செல்போனை இங்கே ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் மையத்துக்குப் போய் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.

"அந்த லைனை எடுக்க ஆளில்லம்மா. ரெண்டு வருஷமாச்சு."

"அப்புறம் எதுக்கு சார் அச்சடிக்கிறீங்க?"

"அந்த இடம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? உங்க தங்கச்சியும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

மேசையில் அவருடைய விசிட்டிங் கார்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு இந்த வருடக் கையேடு தயாரானது. அட்டையில் தங்கையின் அதே படம், இரண்டு கண்களோடு. எடுத்துவிடச் சொன்னேன். "பழைய படமே இருக்கட்டும்மா, புதுசா எடுத்தா பார்க்கிறவங்க மனசு கஷ்டப்படும்" என்றார். நான் புதிதாக எடுக்கச் சொல்லவே இல்லை.

நான்கு மொழிப் பக்கங்களையும் சேர்த்து, அச்சுக்கு முன் மெய்ப்பை அவரிடம் கொண்டுபோவது என் வேலை. தன் மொழிப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, மற்ற மூன்று மொழிப் பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டி, அடியில் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். அந்த மூன்று மொழிகளிலும் பழைய எண்ணை எடுத்துவிட்டு, கார்டில் இருந்த அவருடைய செல் எண்ணைப் போட்டேன். அதற்கு மேலே காவல் நிலைய எண்ணைப் பெரிய எழுத்தில் சேர்த்தேன். மற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரியாது. எந்த மொழியிலும் எண்கள் ஒன்றுதான். பார்த்திருந்தால் தன் எண் அவருக்கே தெரிந்திருக்கும். என் எதிரிலேயே மூன்றிலும் கையெழுத்திட்டார். அந்த மெய்ப்பையும் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நாலாயிரம் பிரதிகள் அச்சாகின. மருந்தகம், பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல் என்று நானே நடந்து கொடுத்தேன். சலவைப் பிரிவில் தங்கையின் தோழி ஒருத்தி அங்கே ஒவ்வொருவரிடமும், "நம்பர் மாத்திட்டாங்கடி, இப்ப ஆளே எடுக்கிறாரு. கூச்சப்படாம அடிங்க" என்று சொல்லிக் கொடுத்தாள்.

முதல் வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று அழைப்புகள் வந்ததாகவும், குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை என்றும், மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் ஒருங்கிணைப்பாளர் என் மீது கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

வருத்தப்படுகிறேனா என்று ஆய்வாளர் கேட்டார். ஏழு வருடம் அந்த வரியை மொழிபெயர்த்ததற்கு வருத்தப்படுகிறேன்.

அதன் பிறகு, கையேட்டைத் திருத்த வேண்டும், சரியான எண்ணைச் சொல்லுங்கள் என்றார். பழைய எண்ணைச் சொல்லி, நிலையத் தொலைபேசியிலிருந்து ஆய்வாளரே அழைத்துப் பார்க்கட்டும் என்றேன். அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார். தகவல் பெட்டி நிரம்பிவிட்டது என்றது. மறுபடி அழைத்தார். மூன்றாம் முறையும் அதே குரல் வந்ததும் வைத்துவிட்டார்.

"பதினொண்ணுக்கு இன்னும் எட்டு இருக்கு சார்" என்றேன்.

இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினார்.

மேலே உள்ளவை நான் என் வாயால் சொன்னவை. கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதன் பிறகு எல்லாப் பக்கங்களையும் நானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)