நீல ஒயர், பழுப்பு ஒயர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கிட்டார் கலைஞர்களே, சால்டரிங் புகையைச் சுவாசித்தே பாதி ஆயுளைக் கழித்த என் தொழில் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பதினேழு ஆண்டுகளாக இந்த ஆம்ப்ளிபயர் கட்டுவோர் சங்கத்தின் துணைத்தலைவராக இருப்பவன் நான். இந்தப் பதினேழு ஆண்டும் தலைவர் யார்? பாக்கெட் அண்ணன். விழாவில் முதல் கைதட்டல் யாருக்கு? பாக்கெட் அண்ணனுக்கு. வால்வு ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று வெளியூரிலிருந்து வருகிறவன், என் கடை வாசலில் நின்றுகொண்டு யார் கடைக்கு வழி கேட்பான்? பாக்கெட் அண்ணன் கடைக்கு. நானும் வழி சொல்லியிருக்கிறேன். சில சமயம் தப்பாகவும் சொல்லியிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். இரங்கல் கூட்டத்தில் போனவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டும் என்பார்கள். அவரைப் பற்றி நல்லதுதான் பேசப் போகிறேன். கெட்டதெல்லாம் என்னைப் பற்றியது. அவர் பாதியில் விட்டுப்போன கடைசி ஆம்ப்ளிபயரை அவர் மனைவி, நம் அண்ணி, என்னிடம் கொடுத்திருக்கிறார். அதை முடிக்க எனக்குத் தகுதி உண்டா என்று, நான் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மின்சாரம் ஓடும் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள் மீட்டரை வைக்கும்போது அவருடைய இடது கை பாக்கெட்டுக்குள் போய்விடும். நானூறு வோல்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் இருப்பது நெஞ்சு. கட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை அவர் சோதிக்கும் விதமே தனி. முதலில் வால்வு எதுவும் போடாமல், பாதுகாப்புக்கு நடுவில் கோத்த சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுப்பார். பல்பு மங்கலாக எரிந்தால் சரி. பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பிறகு ஒவ்வொரு வால்வாகப் போட்டு, வோல்ட் பார்த்து, பெட்டிக்குள்ளேயே சீட்டு எழுதி ஒட்டுவார். நான் என்ன செய்வேன்? கட்டி முடித்ததும் சுவிட்சைப் போடுவேன். புகை வராவிட்டால் வேலை முடிந்தது. என்னை ‘அவசரம்’ என்று சும்மாவா கூப்பிடுகிறீர்கள்?

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவரை மிஞ்சியவன். சால்டரிங், ஈயத்தை உருக்கி ஒயரைப் பற்றவைக்கிற வேலை. என் ஜாயின்ட் கண்ணாடி போல இருக்கும். அவருடையது, அண்ணி மன்னிக்க வேண்டும், சளி பிடித்த மூக்கு மாதிரி இருக்கும். ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் யார்? எல்லோரும் ஒலியைத்தானே கேட்கிறார்கள்!

பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, இதே கூடத்தில் ஆண்டு விழா. அவர் கட்டிய முதல் பெரிய ஆம்ப்ளிபயரை வாசித்துக் காட்ட ஏற்பாடு. முந்தின நாளே கடைசிச் சோதனையை முடித்திருந்தார். கூடவே நின்று கேட்டேன். வயிறு எரிந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் மதியம், “பாத்துக்கப்பா, சாப்ட்டு வந்துடறேன்” என்று பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

நான் பார்த்துக்கொண்டேன். டிரான்ஸ்பார்மரிலிருந்து வால்வுகளுக்குப் போகும் நீல ஒயரையும் பழுப்பு ஒயரையும் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தேன். அதனால் எதுவும் எரியாது. மீட்டரிலும் தெரியாது. ஆனால் வெளியே போக வேண்டிய ஒலி உள்ளேயே சுற்றிச் சுற்றி ஊளையிடும்.

ஊளையிட்டது. இங்கே பல பேர் அன்று காதைப் பொத்திக்கொண்டீர்கள். அண்ணன் அணைத்தார். உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்தார். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். ஏதோ செய்து மூடிவிட்டு மைக்கைப் பிடித்தார். “என் தப்புதாங்க. ஒயரை மாத்திப் போட்டுட்டேன்.” அதன் பிறகு அந்தப் பெட்டி பாடியதை மறக்க முடியுமா? சபையில் தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷன் என்று அன்றைக்கே அவரைத் தலைவராக்கினீர்கள். அது என் தப்பு, தோழர்களே. அவரை நான்தான் தலைவராக்கியிருக்கிறேன்.

போன வாரம் அண்ணி பாதிப் பெட்டியோடு அந்தப் பழைய பெட்டியையும் கொடுத்தார். “பாத்துச் செய்ய ஒதவும் தம்பி” என்றார். திறந்தேன். நீல ஒயரிலும் பழுப்பு ஒயரிலும் என் ஜாயின்ட் இரண்டும் அப்படியே பளபளத்தன. அவர் அவற்றைத் தொடவே இல்லை. டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களை மாற்றிப் போட்டிருந்தார். அப்படிச் செய்தாலும் ஊளை நின்றுவிடும். பக்கத்தில் விழா நாள் தேதியிட்ட ஒரு சீட்டு: “இந்த இரண்டு ஜாயின்டும் நான் வைத்தவை அல்ல. எனக்கு இவ்வளவு சுத்தமாக வராது. கலைக்க மனம் வரவில்லை.”

அண்ணியிடம் ஓடினேன். “அண்ணி, அவருக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? ஒங்க ஜாயின்ட்ட இருட்டுல தடவியே சொல்லிடுவாரே. ‘அவன் கை மட்டும் எனக்கு இருந்தா’ன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது பொலம்புவாரு. கேட்டுக் கேட்டு எனக்கே ஒங்க மேல கடுப்பு தம்பி.”

கேட்டீர்களா? அவருக்கும் பொறாமை! அந்தப் பொறாமையோடுதான் பதினேழு ஆண்டு என் ஜாயின்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். பொறாமைப்படுவதிலும் அந்த மனுஷன் என்னை முந்திவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அதோ படத்தில் இருக்கிறார். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

அந்தப் பாதிப் பெட்டியில் அவருடைய கடைசிச் சீட்டு இரண்டாவது வால்வோடு நிற்கிறது. நீங்கள் சம்மதித்தால் மூன்றாவதிலிருந்து நான் தொடர்வேன். என் மேல் நம்பிக்கை இல்லையென்றால் செயலாளர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். சீரிஸ் பல்பு இல்லாமல் சுவிட்சைத் தொட மாட்டேன். இடது கை பாக்கெட்டில் இருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் சீட்டு எழுதி ஒட்டுவேன். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் அது பாடும். பாக்கெட் அண்ணன் பெட்டி என்றுதான் நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்கு வயிறு எரியும். அதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிவிடுவேன்.