மாடி வரை சிக்னல்

கருங்கல் சுவருக்குள் வைஃபை சுலபத்தில் நுழையாது, கிருஷ்ணப்பா சார். ஜோகுபாளையத்தில் என்னுடையதைப் போன்ற பழைய வீடுகளில் எல்லோருக்கும் இதே தலைவலிதான். நீங்கள் இன்ஸ்பெக்டர், குவார்ட்டர்ஸில் இருப்பவர். அந்தக் கஷ்டம் தெரிந்திருக்காது.

மாடியில் குடியிருந்த வித்யாலட்சுமி திருப்பத்தூர்ப் பெண். வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. அறையில் சிக்னல் வராததால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் வாசலையொட்டிய படிக்கட்டில் வந்து உட்காருவாள். ஆர்குட்டில் யாருடனோ பேசிச் சிரிப்பாள். யார் என்று கேட்டால் ஃப்ரெண்டு என்பாள். தெருவில் போகிறவனெல்லாம் பார்க்கும்படி வயசுப் பெண் இப்படி உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான் என்பதையும் நான் மறைக்கவில்லை.

அதனால் மாடிக்கென்று இன்னொரு வைஃபை பெட்டி வாங்கினேன். கருங்கல்லைத் துளைக்க முடியாமல், மாடி பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாகக் கேபிளை இழுத்துப் பொருத்தினேன். நெட்வொர்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்லாம் என் கணினியைத் தொட்டுப் போகும்படி அமைத்தேன், அவளுடைய மெயில்களைப் படித்தேன். வீட்டுக்காரன் என்றால் ஒரு பொறுப்பு இருக்கிறதே.

ஒரு நாள் சௌம்யா என்ற தோழிக்கு எழுதியிருந்தாள். "ஓனர் அங்கிள் பார்வையே சரியில்லடி. ஞாயித்துக்கிழமை காலி பண்றேன். அன்னிக்குக் காலைலதான் அவர்கிட்ட சொல்லுவேன்."

நன்றி என்பது மருந்துக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் ஆபீஸ் காரில் ஏறியதும், வென்டிலேட்டரில் கேபிளைச் சுற்றி இருந்த இடைவெளி முழுவதையும் சிமென்ட் வைத்து அடைத்தேன். அந்த பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறது. காற்றுப் போக வழியில்லாமல் அது எரிந்தால் உள்ளே விஷவாயு தங்கிவிடும் என்று பொருத்த வந்தவர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். சாயங்காலம் வந்தவள் கவனித்துவிட்டாள்.

"வென்டிலேட்டர ஏன் அங்கிள் மூடிட்டீங்க?"

"கேபிள் வழியா மழைத்தண்ணி உள்ள இறங்குதும்மா."

ஜனவரியில் ஏது மழை என்று நீங்கள் கேட்டீர்கள். அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு படியேறிப் போனாள். இரண்டு நாளில் போகப்போகிறவள், எதற்கு வம்பு என்று விட்டிருப்பாள்.

மறுநாள் காலை நல்ல குளிர். மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் காபி போட்டுக் குடித்தேன், பேப்பர் படித்தேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

ஆமாம் சார், அவள் சாக வேண்டும் என்றுதான் அடைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். வலியே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராமே. அதையும் யோசித்துத்தான் செய்தேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இருந்திருந்தால் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருப்பேனா?