ஸ்பீக்கர் மேல் முப்பது கிலோ

இல்லைங்க மொதலாளி, எலி இல்ல. எலி ஓடினா மேல இருந்து இவ்வளவு தூசி கொட்டுமா? அந்தத் தேத்தண்ணியக் குடிக்காதீங்க, பலகைத் தூள் விழுந்திருக்கு. அப்படியே கதிரையையும் கொஞ்சம் அரிசி மூட்டைப் பக்கமா இழுத்துப் போட்டு உக்காருங்களேன். காரணம் இருக்குங்க, சொல்லத்தான் வந்தேன். இல்ல, இன்னும் கொஞ்சம். பருப்பு மூட்டை வரைக்கும். ஆங், போதும். இங்க வராது.

எது வராதா? அதத்தாங்க சொல்ல வர்றேன்.

நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டுட்டு, ரூமக் காலி பண்ணுன்னு சொன்னீங்கன்னா அது உங்க உரிமை. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. கண்டி டவுன்ல ஏழு எடத்துல ரூம் கேட்டேன். ஹேவாஹெட்ட, தேயிலைத் தோட்டம்னு சொன்னதும் எல்லாரும் யோசிச்சுச் சொல்றோம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் யோசிக்காமக் கொடுத்தீங்க. அதுவும் உங்க குடும்பம் இருக்கிற மாடியில, முன்னறைய. கொஞ்சம் யோசிச்சிருக்கலாமோன்னு இப்ப எனக்கே... சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கடிதமாக் கொடுக்கலாம்னுதான் மொதல்ல எழுதினேன். மேற்படி அறையின் தரைப் பலகை தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில்னு. எங்க ஒப்பீஸ்ல அப்படித்தான் எழுதுவோம். வாசிச்சுப் பார்த்தா எனக்கே பயமா இருந்துச்சு, கிழிச்சுப் போட்டேன்.

என்கிட்ட ஒரு சோடி ஸ்பீக்கர் இருக்குல்ல? தரையில நிக்கிற வகை, இடுப்பு உயரம். அலவத்துகொடவுல ருஷ்தின்னு ஒருத்தர், ஜப்பான்ல இருந்து வர்ற பழைய சாமான் விக்கிறவர், அவர்கிட்ட வாங்கினது. படியில ஏத்துறப்ப நீங்ககூட, என்ன தம்பி, ரெண்டு சவப்பெட்டியான்னு கேட்டீங்க.

இல்லைங்க, சத்தம் கூட்டி வச்சதே இல்ல. நீங்க சொன்ன மாதிரி முணுமுணுக்கிற அளவுதான். பிரச்சினையே அதுலதாங்க. கொறைச்சு வச்சா தவில் சத்தம் குளிக்கிற வாளியத் தட்டுற மாதிரி வருது. பாட்டுக்காரருக்குத் தடிமன் புடிச்ச மாதிரி இருக்கு. ருஷ்தி நானா வந்து பெட்டியில கைய வச்சுப் பார்த்தாரு. தம்பி, ஒங்கட பலகத் தரையில பெட்டி ஆடுது, பாட்டுல பாதிய அந்த ஆட்டமே தின்னுது, மேல பாரத்த வைங்க, அசையாம நின்டா சத்தம் சுத்தமா வரும்னாரு.

ஒடனே நம்பிறலைங்க. நான் எதையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் செய்வேன். இன்டர்நெட்ல நாலு நாள் படிச்சேன். வெளிநாட்டுல ஒருத்தர் கருங்கல் பலகை வச்சிருக்காரு, இன்னொருத்தர் மண் மூட்டை. நெறையப் பேரு சொன்னது பெட்டிக்கு முப்பது. கொப்பியில எழுதி அடிக்கோடு போட்டேன். முப்பது.

முப்பது என்னன்னு கேக்குறீங்க பாருங்க, நீங்க வியாபாரி. நான் கேக்கலைங்க. எங்க தோட்டத்து லயத்துல பாரம்னா பறிச்ச கொழுந்துதான். அம்மா சாயங்காலம் வந்து இன்னைக்கு இருபத்திரெண்டும்பாங்க, மழைன்னா பதினாலும்பாங்க. கிலோன்னு யாரும் வாயால சொல்றதே இல்ல, நம்பரச் சொன்னாலே கிலோதான். அந்தப் பழக்கத்துல வச்சுட்டேன். பலகை முறிஞ்ச பொறகு திரும்பப் போயிப் பார்க்குறேன், அவங்க சொன்னது பவுண்டு, நம்ம இறாத்தல். பாண் விக்கிற இறாத்தல். கிலோவுல பதிமூணரைதான் வருது. பட்டம் முடிச்ச ஆளுங்க நான்.

ஆமாங்க, முறிஞ்சிருச்சு. சொல்லிட்டேன் பாருங்க.

முழுசா இல்ல. இடது பக்கப் பெட்டிக்குக் கீழ மட்டும். பெட்டிக்கு அடியில காலு மாதிரி நாலு கூர் ஆணி இருக்கு. அதுல ஒண்ணு பலகைக்குள்ள எறங்கிருச்சு. மேல பாருங்க, டியூப் லைட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு மினுங்குதுல்ல, அதுதான். கறையான் தின்ன பலகைன்னு நான் சொல்ல வரல. தின்னிருக்கு, ஆனா அதச் சொல்ல வரல. தப்பு என்னோடது.

ஆனா மொதலாளி, மொதல் பத்து நிமிஷம் இருக்கே... தவிலுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னே இன்னைக்குத்தாங்க காதுக்குத் தெரிஞ்சுது. கையால அடிக்கிறது ஒரு எடத்துல, குச்சியால அடிக்கிறது ஒரு எடத்துல. பாட்டுக்காரர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டுச்சு. அதுவும் அந்த முணுமுணுப்பு அளவுல! அசையாம உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கிறப்பதான் டப்புன்னு ஒரு சத்தம். அதயும் தவில்னுதான் நெனைச்சேன்.

என்ன பாரம் வச்சேனா? அது... உங்க எடைக்கல்லுங்க. கரண்டுத் தராசு வந்த பொறகு சாமான் அறையில சும்மா கெடந்துச்சே, இருபது கிலோ ரெண்டு, பத்து கிலோ ரெண்டு. பெட்டிக்கு ஒரு பெரிசு, ஒரு சின்னது. முப்பது கரெக்டா வந்ததுல எனக்கு ஒரே சந்தோஷம். கேக்காம எடுத்தது தப்புதான். திருட்டு இல்லைங்க, உங்க வீட்டுச் சாமான் உங்க வீட்டுலதானே இருக்கு, ஒரு மாடி ஏறியிருக்கு, அவ்வளவுதான்.

ஐயோ, பூட்டெல்லாம் ஒடைக்கலைங்க. போய்ப் பாருங்க, பூட்டினபடியே இருக்கு. திறந்துதான் எடுத்தோம். திறப்பு உங்க இடுப்புலதான் இருக்கு, தெரியும். சாமி அறை அலுமாரியில இன்னொண்ணு இருக்காமே. எனக்கு எப்படித் தெரியுமா?

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேங்க.

நிரஞ்சனிதான் எடுத்துக் கொடுத்தாங்க. ஆமாங்க, உங்க மகள்தான். வேற எந்த நிரஞ்சனி? என் அறைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கந்தானே அவங்க படிக்கிற மேசை. பாட்டு கலங்கலா இருக்கு, என்னமாவது பண்ணக் கூடாதான்னு மொதல்ல கேட்டது அவங்கதான். நாங்க மரியாதையாத்தாங்க பேசிக்கிட்டோம். சுவர் வழியாத்தான். மொதல் எட்டு மாசம்.

உக்காருங்க மொதலாளி, சுகர் இருக்கிற உடம்பு. அந்த ஷட்டர் கம்பிய எதுக்குங்க எடுக்குறீங்க? பலகைக்கு முட்டுக் கொடுக்கவா? இல்லையா. சரிங்க.

அவங்க இப்ப மேலதான் இருக்காங்க. கல்லு நாலையும் எறக்கிட்டோம், பயப்படாதீங்க. ஆனா பெட்டி சாஞ்சு போயி நிக்குது. இழுத்தா ஆணியோட பலகையும் வருது, விட்டா பெட்டி கடைக்குள்ள வந்துரும். அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான்தான் புடிக்கிறேன்னு சொன்னேன், கேக்கல. பெட்டிய நான் பாத்துக்கிறேன், நீங்க போயி அப்பாவப் பாருங்க, ரெண்டு விஷயத்தையும் ஒரே மூச்சாச் சொல்லிருங்கன்னு அனுப்பி வச்சாங்க.

ஒரே மூச்சா வரலைங்க. ஆனா ரெண்டையும் சொல்லிட்டேன்.

ரூமா? காலி பண்ணச் சொன்னா பண்ணிர்றேன். அப்படிச் சொன்னீங்கன்னா தானும் உடுப்பு அடுக்குறதாச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லலைங்க, அவங்க சொல்லச் சொன்னது. எங்க அப்பா இராமையா, வர்ற ஞாயித்துக்கெழம உங்களப் பார்க்க வர்றதா இருக்காரு. வரட்டுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்.

இப்பவே சொல்ல வேணாம். மொதல்ல மேல வாங்க. அந்த ஆணியக் கழட்ட மூணு பேர் வேணும். ஏசுறதயெல்லாம் படியேறிக்கிட்டே ஏசுங்க. நான் கதைய இழுத்து இழுத்துச் சொன்னதுல அரை மணித்தியாலம் ஆகிருச்சு, அவங்களுக்குக் கை கடுக்கும்.